உள்ளே பூட்டிக்கொண்ட தேன்குழல்

கோட்டையூர் செல்வம் ஒரு பழைய வேனை வாங்கி, மாதக்கணக்கில் மெனக்கெட்டு அதை வீடாக மாற்றினார். உள்ளே கட்டில், கேஸ் அடுப்பு, மடக்கு மேசை, ஏசி எல்லாம் வந்துவிட்டன. வண்டி திரும்பும்போதெல்லாம் சட்டி பானைகள் உருண்டு விழும். அது ஒன்றுதான் குறை.

கோடை விடுமுறையில் அந்த வண்டியிலேயே தொண்டி போய், அங்கிருந்து கடலோரமாகத் தனுஷ்கோடி வரை போவது என்று முடிவானது. ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த மகள் ரோகிணி, நாய்கள் வந்தால்தான் நானும் வருவேன் என்று சொல்லிவிட்டாள்.

நாய்கள் இரண்டு, இரண்டுக்கும் பலகாரப் பெயர். பழுப்பு நிறத்தில் உருண்டையாக இருப்பவள் சீயம். வெள்ளையாக, வால் சுருண்டு இருப்பவன் தேன்குழல். வீட்டில் பலகாரம் சுடும் நாளில் அம்மா மாரீஸ்வரி, "தேன்குழலை எடு" என்றால், எதை எடுப்பது என்று யாருக்கும் புரியாது.

தேன்குழலுக்கு ஓர் ஆசை உண்டு. டிரைவர் சீட். அப்பா இறங்கினால் போதும், ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கில் இரண்டு கால்களையும் வைத்துக்கொள்வான். தேவகோட்டையில் அவனைப் பார்த்து ஒரு டவுன் பஸ்ஸே சிரித்தது.

தொண்டியைத் தாண்டி ஒரு சின்ன மீனவ ஊரில், உச்சி வெயிலில், மீன் வாங்க வண்டியை நிறுத்தினார்கள். மணல் கால் வைக்க முடியாதபடி கொதித்தது. நாய்கள் உள்ளேயே இருக்கட்டும் என்று அப்பா என்ஜினையும் ஏசியையும் ஓடவிட்டு, அம்மாவோடும் ரோகிணியோடும் இறங்கினார். கதவைச் சாத்தியதும் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம்.

தேன்குழல் டிரைவர் சீட்டில் ஏறி, கதவிலிருந்த பூட்டுப் பட்டனை மிதித்துவிட்டான். எல்லாக் கதவுகளும் பூட்டிக்கொண்டன.

"சாவி எங்க வச்சீக?" என்று அம்மா கேட்டாள்.

"வண்டியிலதான் இருக்கு."

"இன்னொரு சாவி?"

"அது பத்திரமா இருக்கு," என்றார் அப்பா. "வீட்டுல."

இரண்டு போன்களும் உள்ளேதான் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன.

கூட்டம் சேர்ந்தது. ஒருவர் கம்பியை விட்டு நெம்பலாம் என்றார். இன்னொருவர் டயரைக் கழற்றச் சொன்னார். எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை. அப்பா கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு, அதே பட்டனை இன்னொரு தடவை அமுக்கு என்று தேன்குழலிடம் கெஞ்சினார். அவன் வாலை ஆட்டினான். அப்பா கத்தினார். கூட்டமும் சேர்ந்து கத்திக் கண்ணாடியைத் தட்டியது. பயந்துபோன நாய்கள் இரண்டும் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டன.

அப்போதுதான் அப்பா குரலைத் தாழ்த்தி, டீசல் ரொம்பக் குறைவாக இருப்பதைச் சொன்னார். வழியிலேயே மஞ்சள் விளக்கு எரிந்துவிட்டதாம்.

ரோகிணி ஓடிப்போய்க் கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள். டீசல் தீர்ந்தால் ஏசி நிற்கும். இந்த வெயிலில் மூடிய வண்டி அடுப்பாகிவிடும். அப்பா ஒரு கல்லைக் கையில் எடுத்தார். கண்ணாடி உடைந்து தெறித்தால் நாய்களுக்குக் காயம் படாதா?

"கொஞ்சம் இருங்கப்பா," என்றாள் ரோகிணி.

பூட்டுப் பட்டனுக்குப் பக்கத்திலேயே கண்ணாடியை இறக்கும் பட்டனும் இருந்தது. காலையில் தேன்குழல் அதில் கால் வைத்தபோது கண்ணாடி இறங்கியதை அவள் பார்த்திருந்தாள். அதற்காக அம்மா திட்டியது என்னவோ அவளைத்தான். அவனை மறுபடியும் கதவில் கால் வைக்கச் செய்ய வேண்டும். ஆனால் கூப்பிட்டால் வருகிற பழக்கம் அவனுக்குப் பிறந்ததிலிருந்தே இல்லை. ரோகிணி வேறு யாரையாவது கொஞ்சினால் மட்டும் எங்கிருந்தாலும் ஓடி வருவான்.

படகு நிழலில் ஒரு நாய் படுத்திருந்தது. எலும்பும் தோலுமாக இருந்தது. ஒரு காது மடங்கியிருந்தது. அது கடிக்குமா என்று ரோகிணி மீன் விற்கும் பொன்னுத்தாயியிடம் கேட்டாள்.

"கடிக்காது ஆத்தா. கடிக்க அதுக்குத் தெம்பு வேணாமா? ஊரு நாய்தான், யாரும் வளக்கல," என்றாள் பொன்னுத்தாயி.

ரோகிணி எல்லோரையும் சத்தம் போடாமல் படகுக்குப் பின்னால் போய் நிற்கச் சொன்னாள். பெரியவர்கள் தயங்கினார்கள். "பிள்ளை சொல்றதுல என்ன தப்பு? அங்குட்டுப் போங்க," என்று பொன்னுத்தாயி எல்லோரையும் விரட்டினாள். ஒரு மீன் தலையையும் ரோகிணியிடம் கொடுத்தாள்.

டிரைவர் சீட்டிலிருந்து தெரிகிற இடத்தில் ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, ரோகிணி அதன்மேல் உட்கார்ந்தாள். மீன் வாசனைக்கு ஒல்லி நாய் வந்தது. அது தின்னத் தின்ன, அவள் அதன் முதுகைத் தடவினாள்.

"நீதான் எனக்கு உசுரு. இனிமே எங்க வண்டியில நீதான் வரப்போற," என்று உரக்கச் சொன்னாள்.

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளைத் தலை எட்டிப் பார்த்தது. ரோகிணி பார்க்காததுபோல் இருந்தாள். ஒல்லி நாயின் மடங்கிய காதைச் சொறிந்துவிட்டாள்.

அதைத் தேன்குழலால் பொறுக்க முடியவில்லை. டிரைவர் சீட்டுக்குத் தாவினான். முதலில் ஹாரன் அடித்தது. அடுத்து வைப்பர் ஓடத் தொடங்கியது. பிறகு கதவில் இரண்டு கால்களையும் ஊன்றி நின்று, ஊரே கேட்கக் குரைத்தான். குரைக்கக் குரைக்கக் கண்ணாடி கீழே இறங்கியது.

அப்பா பாய்ந்து வந்து உள்ளே கைவிட்டுக் கதவைத் திறந்தார். ஆனால் அவருக்கு முன்னால் ஒல்லி நாய் உள்ளே ஏறி, ஏசிக்கு நேரே படுத்துக்கொண்டது.

பொன்னுத்தாயி விழுந்து விழுந்து சிரித்தாள். "வண்டியில வரலாம்னு நீதான சொன்ன? அது நம்பிருச்சு."

வண்டியில் இடமில்லை, இரண்டைக் கட்டி மேய்ப்பதே பெரும்பாடு என்றாள் அம்மா. ரோகிணி அழவில்லை, அடம் பிடிக்கவும் இல்லை.

"சும்மாதான் சொன்னேன்னு அதுகிட்ட எப்படிம்மா சொல்றது?" என்று மட்டும் கேட்டாள்.

அம்மா ஒல்லி நாயைப் பார்த்தாள். அது கண்களை மூடிக்கொண்டு வாலை மட்டும் ஒரு தடவை ஆட்டியது. அம்மா அதை இறக்கிவிடாமல் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

டீசல் போட்டுக்கொண்டு சாயங்காலம் தேவிபட்டினம் சேர்ந்தார்கள். வழியெல்லாம் ரோகிணிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த தேன்குழல், அலையைப் பார்த்ததும் பயந்துபோய் ஒல்லி நாயின் பின்னால் ஒளிந்துகொண்டான். சீயம் மணலில் நண்டைத் துரத்தினாள்.

வண்டிக்குள் மீன் குழம்பு கொதித்து இறங்கியது. அம்மா ஒரு பெரிய துண்டைத் தனியே எடுத்து, ஊதி ஆறவைத்து, ஒவ்வொரு முள்ளாக எடுத்துக்கொண்டிருந்தாள். யாருக்கு என்று ரோகிணி கேட்கவில்லை.