கைதட்டல் ஏன் தாமதமானது?

ஞாயிற்றுக்கிழமை வந்தால் அந்த வீட்டில் வினாடி வினா. கேள்வி கேட்பவர் அப்பா. பதில் சொல்ல மூன்று பேர்: ஐந்தாம் வகுப்புப் படிக்கும் வாலு, அவளுடைய அண்ணன், கணினித் திரையில் சித்தப்பா மகன். அவன் வேறொரு நாட்டில் இருக்கிறான். இருவருக்கும் தம்பி.

யார் முதலில் சொல்கிறார்களோ, அவர்களுக்குத்தான் மதிப்பெண். தம்பி ஒருமுறைகூட வாங்கியதில்லை.

"சரியான டியூப்லைட்! நாம சொல்லி முடிச்சப்புறம்தான் எரிவான்" என்பான் அண்ணன்.

இந்த வாரம் திரையில் சித்தி மட்டும் இருந்தார்.

"தம்பி எங்க சித்தி?" என்றாள் வாலு.

"வரமாட்டேங்கிறான்டா கண்ணு. 'நான் மக்கு'ன்னு போர்வையை இழுத்துப் போத்திட்டுப் படுத்திருக்கான். ஆன்லைன் கணக்கு வகுப்புலயும் மிஸ் 'தூங்குறியா'ன்னு கேக்கிறாங்களாம்."

அண்ணன் நகத்தைக் கடித்தான்.

"அட, எனக்கும் பாதிக்குப் பதில் தெரியாதும்மா. புத்தகத்தைப் பார்த்துத்தான் கேக்கிறேன்" என்றார் அப்பா. பிள்ளைகள் இருவரும் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்த பிறகுதான் சித்தி சிரித்தார்.

வாலு நிமிர்ந்து உட்கார்ந்தாள். சித்தி டாக்டர். அவரை யாரும் மக்கு என்று சொல்ல முடியாது. பிறகு ஏன் தாமதம்?

"சித்தி, நான் கைதட்டுறேன். கேட்டதும் நீங்களும் தட்டுங்க."

தட்டினாள். அண்ணன் கொட்டாவி விட்டு முடித்தபோதுதான் அந்தப் பக்கத்துக் கைதட்டல் வந்தது.

"உடனே தட்டிட்டேனே!" என்றார் சித்தி.

அப்பா இங்கே இணைய வேகத்தைச் சோதித்துவிட்டு, சித்தியையும் அங்கே சோதித்துச் சொல்லச் சொன்னார். "இங்க நெட் பறக்குது, அங்க திணறுது. நம்ம கேள்வி லேட்டாப் போகுது. அவன் பதிலும் லேட்டா வருது."

"அப்போ மந்தம் தம்பி இல்ல, நெட்டு!" என்றாள் வாலு.

"நெட்டை நாம மாத்த முடியுமா?" என்றான் அண்ணன்.

"ஆட்டத்தை மாத்தலாமே! எல்லாரும் பேப்பர்ல எழுதுவோம். மூணு பேரும் காட்டினப்புறம் அப்பா பார்க்கட்டும். யாரு முந்தினான்னு வேண்டாம், யாரு சரின்னு பார்ப்போம்."

சித்தி போய் விஷயத்தைச் சொன்னதும், தம்பி போர்வையோடு வந்து உட்கார்ந்தான். கேள்விகள் ஏற ஏற, போர்வை இறங்கியது. ஒன்றைத் தவிர எல்லாம் சரி! அண்ணனுக்குத்தான் முகம் தொங்கிப் போயிற்று. இத்தனை நாளும் வாலு சொன்னதையே உரக்கக் கத்திக் காலத்தை ஓட்டியிருக்கிறான்.

"ஸாரிடா தம்பி" என்றான். உண்மையாகத்தான் சொன்னான்.

அடுத்த வாரம் தம்பி முதல் ஆளாகத் திரையில் இருந்தான்.

"அக்கா! கணக்கு மிஸ்கிட்ட விஷயத்தைச் சொன்னேன். அவங்களும் எழுதிக் காட்டச் சொல்லிட்டாங்க. எங்க வகுப்புல ஒரு பொண்ணு இருக்கா. அவ நாட்டுல நெட் எங்களைவிட மோசம். இதுவரைக்கும் அவ பதில் சொல்லி யாருமே கேட்டதில்ல. நேத்து எல்லாக் கணக்கும் அவ மட்டும்தான் சரி!"

"அவளையும் நம்ம ஆட்டத்துக்குக் கூப்பிடேன்" என்றாள் வாலு.

அண்ணன் எழுந்து, படிப்பதற்குப் பொது அறிவுப் புத்தகத்தைத் தேடிப் போனான்.