மேற்கே பார்த்துக் கிடந்த ஆடு

வெள்ளிக்கிழமை, காலை ஆறரை. மீராசாஹிபுவின் பின்வளவில் அவருடைய ஆடு அறுபட்டுக் கிடந்தது. சுவரில் அதன் இரத்தத்தாலேயே ஒரு முகமூடி வரையப்பட்டிருந்தது.

அந்த முகமூடியை அறியாதவர் கல்முனைக் கடைத்தெருவில் இல்லை. ஹிஷாமின் போன் திருத்தும் கடையில் அது பெரிய போஸ்டராகத் தொங்குகிறது. கோடாரியோடு அலையும் கொலைகாரனே கதாநாயகனாக வரும் படம் அது. மீராசாஹிபுவின் மகள் நுஸ்ஹாவுக்கு அடுத்த மாதம் மாப்பிள்ளையாகப் போகிறவனும் இதே ஹிஷாம்தான். ஊர் வாய்க்கு இதைவிட என்ன வேண்டும்?

தகவல் கிடைத்து ஹிஷாம் ஓடிவந்தபோது சப் இன்ஸ்பெக்டர் றெஜிதா முந்திக்கொண்டு வந்திருந்தார். கல்முனைக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். பேச்சுக் குறைவு. சனமெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்யாணம் போய்விட்டது என்று ஹிஷாமின் மனம் சொல்லிற்று.

“பக்கத்து வளவுத் தமிழ் ஆள் குணத்துக்கும் ஆட்டோட கோவம் இரிக்கி, வாழக்கண்டத் திண்டதுக்கு,” என்றார் மீராசாஹிபு தயங்கித் தயங்கி.

“குணம் என்னத்துக்கு மாமா படம் கீறப்போறான்? இந்த ஹிஷாம்ட வேலதான்,” என்றான் றமீஸ். மீராசாஹிபுவின் தங்கச்சி மகன், நுஸ்ஹாவுக்கு முறை மச்சான். ஹஜ்ஜுப் பெருநாளில் பாதி ஊருக்குக் குர்பான் ஆடு அறுத்துக் கொடுப்பவன். “வெயில் ஏற முந்தி உரிச்சு ஏழையளுக்குப் பங்கு வெப்பம்.”

“வாணாம் மனே. யாரு அறுத்தானோ, அல்லாஹ்ட பேரால பிஸ்மி சொன்னானோ!”

“திங்கலாம் மாமா. வீணாக்கப்படாது.”

றெஜிதா ஹிஷாமின் பக்கம் திரும்பினார்.

“விடியப்புறம் எங்க இருந்தீங்க?”

“வீட்டுல, நித்திர.”

“சாட்சி?”

“இல்ல மேடம். தனியத்தான்.”

“கொலகாரன்ட படத்தில அப்பிடி என்ன இருக்குது?”

இதைக் கேட்டுச் சிரித்தவர்கள்தான் அதிகம். பதிலுக்குக் காத்திருந்தவர் றெஜிதா மட்டும்தான். ஹிஷாமுக்கு அப்போதே அவர்மேல் ஒரு நன்றி பிறந்துவிட்டது.

“சுனாமி வரக்க எனக்கு ஆறு வயசு மேடம். ஓடினன். கனவுல இன்னும் ஓடுறன். அந்தப் படத்துல நாம துரத்துறவன் பக்கம் நிக்கிற. எங்க பாய்வான் எண்டு முந்தியே தெரியும். படம் முடியுமட்டும் நான் ஓடத் தேவல்ல.”

வளவில் சிரிப்பு நின்றது. றெஜிதா தலையசைத்துவிட்டு மீராசாஹிபுவைக் கேட்டார்.

“ஹாஜியார், ஆடு எந்தப் பக்கம் பாத்துக் கிடக்குது?”

எல்லோரும் அப்போதுதான் பார்த்தார்கள். கடலுக்கு முதுகைக் காட்டி, மேற்கே பார்த்துக் கிடந்தது. கழுத்தில் சுத்தமான ஒரே அறுப்பு. கழுத்துக்குக் கீழே இரத்தம் வடிய ஒரு சிறு குழி.

“கிப்லாவுக்கு, மக்கா இரிக்கிற பக்கம்,” என்றார் அவர் மெதுவாக.

“ஓம். நாளும் காணிற காட்சி, அதால உங்கட கண்ணில படல்ல. எனக்குப் பட்டுது. வெறியில கொல்லுறவன் குழி தோண்டுவானா? குணத்துக்குக் கிப்லா எதுக்கு? அறுத்தவர் பழி போட வந்தவர்தான். ஆனா கை பழக்கத்த விடல்ல, இறைச்சிய ஹறாமாக்கவும் மனம் வரல்ல. இது ஹலாலோ எண்டு ஹாஜியாருக்கே சந்தேகம். இங்க ஒருத்தருக்கு மட்டும் சந்தேகமே இல்ல.” அவர் திரும்பினார். “றமீஸ், பிஸ்மி சொன்னது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

றமீஸ் மீராசாஹிபுவின் பக்கம் திரும்பினான். பிறகு தலை கவிழ்ந்தது.

“சொல்லித்தான் மாமா அறுத்தன். அல்லாஹ்ட பேரச் சொல்லாம எனக்குக் கத்தி ஓடாது. நுஸ்ஹாவ நானும் கேட்டன்தானே... நீங்க இல்லெண்டீங்க.”

“அல்ஹம்துலில்லாஹ்,” என்று ஹிஷாமின் வாய் தானாகச் சொன்னது. கண்ணைத் துடைத்துக்கொண்டு றெஜிதாவின் முன்னால் போய் நின்றான். “இத நான் மவுத்தாகுமட்டும் மறக்கமாட்டன் மேடம்.”

“போன வாரம் தந்த என்ட போன மறந்திட்டீங்க. அதத் திருத்தித் தாங்க, போதும்.”

சனம் கலைந்தது. மீராசாஹிபு ஹிஷாமின் அருகே வந்து சுவரிலிருந்த முகமூடியைப் பார்த்தார்.

“மருமகன்,” என்றார். அப்படி அவர் கூப்பிட்டது அதுதான் முதல்முறை. “அந்தப் படத்த எனக்கும் ஒருக்காப் போட்டுக் காட்டுங்க. நானும் கனவுல ஓடுறதான்.”