ஃப்ரீசரில் உருகிய சாட்சி

"அய்யோ!"

திங்கள் காலை ஒன்பது மணி. ஆராய்ச்சிக்கூடத்தைத் திறந்த மாணவி அலறினாள்.

மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசர்... பேச்சுமூச்சில்லாமல் நின்றது! தரையெல்லாம் தண்ணீர். பிளக் பிடுங்கப்பட்டுக் கிடந்தது.

உள்ளே அவளுடைய ஆறு வருட உழைப்பு. நானூறு குட்டிக் குழாய்களில், ஒரு புரதத்தை நீக்கிய ஈஸ்ட்! செல் இரண்டாகப் பிரியுமுன் குரோமோசோம் எப்படி நகல் எடுத்துக்கொள்கிறது என்பதை அதில்தான் ஆராய்ந்தாள்.

"துடைக்க வர்றவதான் பிடுங்கியிருப்பா!" பின்னால் வந்த பேராசிரியர் சீறினார்.

மாணவிக்கு ரத்தம் கொதித்தது. அப்போதுதான் வாளியோடு உள்ளே வந்த துப்புரவுப் பெண்மேல் பாய்ந்தாள்.

"கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? ஆறு வருஷம் போச்சே!"

"வார்த்தையை அளந்து பேசும்மா!" அவளும் பொங்கினாள். "ரெண்டு நாளா நான் இந்தப் பக்கமே வரல. லீவு எடுத்துக்கன்னு வெள்ளிக்கிழமை சொன்னதே உங்க சார்தான்!"

மாணவி திகைத்தாள்.

ஃப்ரீசரின் அலாரம் ஏன் அடிக்கவில்லை?

பார்த்தாள். அணைக்கப்பட்டிருந்தது! அதை அணைக்க இரண்டே சாவிகள். ஒன்று அவள் பையில். இன்னொன்று... பேராசிரியரிடம்!

"மன்னிச்சிடுங்கக்கா..." மாணவி துப்புரவுப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

புதன்கிழமை.

பேராசிரியரின் அறைக்கதவை உதைக்காத குறையாகத் திறந்தாள். கூடவே துப்புரவு அக்கா.

"பிளக்கைப் பிடுங்கினது நீங்கதானே?"

"ஆமா! அதுக்கென்ன இப்ப?" மேஜையைத் தட்டினார். "நீ நீக்கின அந்தப் புரதம் இல்லாம குரோமோசோம் நகலே எடுக்காதுன்னு முப்பது வருஷமா சொல்றவன் நான்! அது இல்லாமலே உன் ஈஸ்ட் வளருதா? எங்க, காட்டு பார்ப்போம்! எல்லாம் செத்துப்போச்சே!"

டமார்!

அவர் முன்னால் ஒரு கண்ணாடித் தட்டை வைத்தாள். தட்டு முழுக்க வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளிகள்.

"உருகினதைத் திங்கக்கிழமையே தடவி வச்சேன். அத்தனையும் வளர்ந்திருக்கு! உங்க புரதம் இல்லாமலே!"

பேராசிரியரின் முகம் வெளிறியது. "ரெண்டு நாள் குளிரில்லாம... எப்படி?"

"குளிர்ல தூங்கிட்டிருந்துச்சு. நீங்க எழுப்பி விட்டீங்க!"

மாணவி அழைத்து வந்திருந்த ஆராய்ச்சிக்கூட இயக்குநர், வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உள்ளே வந்தார்.

"அறைச் சாவியை வச்சிட்டுக் கிளம்புங்க."

தலைகுனிந்து நடந்தவரைத் துப்புரவு அக்கா வழிமறித்தாள்.

"அடுத்த வேலை ரொட்டிக் கடையில பாருங்க சார்... ஈஸ்ட்னா என்னன்னு அங்கயாவது சொல்லித் தருவாங்க!"