ஆல்டர்மியரின் கடைசிப் பிரபு

வினிஃபிரெட் தேவாலயத்துக்குள் நுழைந்தபோது பிற்பகல் மூன்று மணி இருக்கும். பிரபுவாயிருந்த அப்பாவின் சாவுப் பலகையைப் பார்க்க வந்திருந்தாள். ஆல்டர்மியர் பிரபு யார் இறந்தாலும் குடும்பச் சின்னம் தீட்டிய பலகை சுவரேறும். உச்சியில் கழுகு இருக்கும். ஆண் வாரிசின்றிப் பட்டமே அற்றுப்போனால் மட்டும் கழுகின் இடத்தில் மண்டையோடு.

தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கார்பட் ஏணியடியில் நின்றிருந்தார்.

"பெயிண்டர் மூணு தடவ மண்டையோடு வரைஞ்சுட்டாரும்மா. காலைல பாத்தா யாரோ துடைச்சிருக்காங்க."

"மட்டமான பெயிண்டா இருக்கும்."

"அப்ப கழுகு எப்படிம்மா வந்துச்சு? அத யாரும் வரையலியே."

அண்ணாந்து பார்த்தாள். ஈரக் கறைக்கு நடுவே கழுகின் அலகு தெரிந்தது.

சோப்பு வாடை அடித்தது.

துணி வெளுக்கும் சோப்பு. அப்பாவை அடக்கம் செய்த மறுநாள் இதே வாடையோடுதான் ஹெஸ்டர் வாசலில் வந்து நின்றாள், இடுப்பில் பிள்ளையோடு. போரில் செத்த தம்பி ஆம்ப்ரோஸ் அவளை ரகசியமாக மணந்திருந்தான். கல்யாணச் சான்றிதழை நீட்டினாள். சலவைக்காரி பிள்ளை பிரபுவா, ஊர் சிரிக்காதா? வினிஃபிரெட் அதை வாங்கிக் கணப்பில் போட்டாள். வேறு சாட்சி தேட அந்தப் பெண்ணுக்கு வழி தெரியவில்லை. அந்தக் குளிர்காலத்திலேயே ஏழைகள் விடுதியில் தாயும் பிள்ளையும் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார்கள்.

ஆல்டர்மியர் பிரபு, மூன்று வயது, பெயரில்லாத குழியில் கிடந்தான்.

மேலிருந்து ஒரு துளி அவள் கையுறையில் விழுந்தது.

"கார்பட், ஹெஸ்டரோட பையன் முறையாப் பொறந்தவன். கல்யாணப் பத்திரத்த நான்தான் எரிச்சேன்."

சொல்லிவிட்டாள். முகம் தீயாய் எரிந்தது. அவரை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

கார்பட் ஏணியிலிருந்து கையை எடுத்தார்.

"ஹெஸ்டர் என் அக்கா பொண்ணும்மா. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. நீங்க கேட்டதில்ல."

தட்டுத் தடுமாறிக் குடும்பத்துக்கென மரத்தால் அடைத்த இருக்கைப் பகுதிக்குப் போனாள். அதன் சிறுகதவு தானாகத் திறந்தது.

உள்ளே ஈரக் காலடிகள். உள்ளங்கை அளவுதான்.

அவள் உட்காரக் குனிந்தாள்.

"நில்லுங்கம்மா," கார்பட் கிசுகிசுத்தார். "பிரபு இன்னும் உக்காரல."

பிரபு உட்காரும் முதல் இருக்கையின் மெத்தை மெல்ல அமுங்கியது. கார்பட் அதை நோக்கித் தலை வணங்கினார். வினிஃபிரெட் நின்றுகொண்டே இருந்தாள்.