பின் கதவுக் கைப்பிடி

"ஐயய்யோ...!"

பிஷ்கெக் நகரமே அதிரும்படி ஷெட்டுக்குள்ளிருந்து ஓர் அலறல்!

பொர்சோக் பலகாரத்துக்குப் பிசைந்த மாவு ஒட்டிய கையோடு ஓடி வந்தாள் பெர்மெத். கணவன் குபாத், சோவியத் காலத்து வோல்கா காரின் பின் கதவருகே தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான்.

ரத்தம் இல்லை. பிணமும் இல்லை.

"என்னய்யா ஆச்சு?"

"இந்தக் கைப்பிடியும் சேரல பெர்மெத்!"

"அடச்சே! யாரோ செத்துட்டாங்கன்னு பதறிட்டேன்."

"நான்தான் செத்தேன்! நாளைக்குப் பழைய கார் கண்காட்சி. பின் கதவு உள்பக்கம் ஒரிஜினலா இல்லேன்னா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க!"

"காலையில கழட்டி எறிஞ்சியே, அதையே திரும்ப மாட்டிடேன்."

"அது டூப்ளிகேட்டுடி! எவனோ நடுவுல மாட்டினது."

ஐந்து மாத அலைச்சல். கரகோல் ஊர் வரை போய்த் தேடிப் பிடித்த பதினோராவது ஜோடி!

பெர்மெத் உள்ளே போன மறு நிமிஷம்...

குபாத்தின் கழுத்தில் சில்லென்று ஒரு கத்தி!

கத்திக்காரனின் பையிலிருந்து தங்கச் சங்கிலி எட்டிப் பார்த்தது. தெருமுனை நகைக்கடையில் திருடியவன்...!

"வண்டிய எடு!"

"அண்ணே, இன்னும் கைப்பிடி மாட்டல..."

"உயிர் வேணுமா, கைப்பிடி வேணுமா?"

குபாத் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான்!

கத்தி அழுந்தியது. வண்டியை எடுத்தான். திருடன் பின் சீட்டில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினான்.

"மெதுவாண்ணே! ரப்பர் புதுசு!"

"வாய மூடு!"

இரண்டு தெரு தள்ளி குபாத் கிசுகிசுத்தான். "முன்னால போலீஸ்! கீழ படுத்து கம்பளத்தப் போத்திக்குங்கண்ணே."

படுத்தான். வண்டி திரும்பியது. நின்றது. குபாத் குதித்து ஓடினான்.

திருடன் தலையைத் தூக்கினால்... போலீஸ் ஸ்டேஷன் முற்றம்!

கதவைத் தடவினான். கைப்பிடி இல்லை! மறுபக்கம்... அங்கும் இல்லை! முன் சீட்டைத் தாண்ட ஒரு காலைத் தூக்குவதற்குள் சுற்றிலும் நாலு போலீஸ்!

கிழட்டு கேப்டன் இசாபெக் வெளியிலிருந்து கதவைத் திறந்தார். விலங்கை மாட்டினார். கதவின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, குபாத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"தம்பி, இது எங்க பழைய வண்டிடா! பிடிச்ச ஆளுங்கள ஏத்திட்டு வர்ற வண்டி. பின்னாடி உள்பக்கம் கைப்பிடியே வெக்காமத்தான் செஞ்சாங்க. கைப்பிடி மாட்ட இந்த ஓட்டையெல்லாம் ஏலத்துல எடுத்தவன் போட்டது."

குபாத்துக்குத் தலை சுற்றியது.

"அஞ்சு மாசமாத் தேடினேனே! பதினோரு ஜோடி!"

"இல்லாத சாமானத் தேடியாய்யா அலைஞ்ச?" என்றான் திருடன். "உன்கிட்ட போயா மாட்டினேன்!"

ஆத்திரத்தில் கதவை எட்டி உதைத்தான்.

"யோவ்!" குபாத் பதறிப் பாய்ந்தான். "பார்த்து இறங்குய்யா... கதவு ஒரிஜினல்!"