கேன்வாஸில் இரண்டு ஓட்டைகள்

“நான் கிழிக்கலை மேடம்! கிழிச்சிருந்தா நானே போய் ஏன் சொல்லப் போறேன்?”

நாற்காலியைக் காட்டியும் அந்த மாணவி உட்காரவில்லை. மேஜைக்குப் பின்னால் இருந்த துப்பறிவாளர் தேநீரை ஆற அமரக் குடித்தார். ஊருக்கே அவர் அக்கா. பக்கத்தில் துடித்துக்கொண்டிருந்த உதவியாளருக்கு மட்டும் நிஜமாகவே அக்கா.

“யார் அந்த ஆளு? இப்பவே போய் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்கறேன்” என்று தம்பி எழுந்தார்.

“உக்காருடா. நீ சொல்லும்மா.”

லாப நோக்கில்லாத ஓவியக்கூடம் ஒன்றில் அவளுக்குப் பயிற்சி. சம்பளம் கிடையாது. விடுமுறை முடிந்து கிடங்கைத் திறந்தவள், ஒரு சின்னப் படத்தை வெளியே எடுத்து வைத்ததும், பின்னாலிருந்த சட்டம் போடாத பெரிய ஓவியத்தில் இரண்டு ஓட்டைகளைப் பார்த்தாள். பதறிப்போய் இயக்குநரிடம் சொன்னாள். அவரோ எல்லோர் முன்னாலும் ஓவியருக்கு போன் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி, “எங்க பயிற்சிப் பொண்ணு ஏணியால இடிச்சுக் கிழிச்சுட்டா” என்றார். அதையே கல்லூரிக்கும் எழுதப்போகிறாராம். எழுதினால் அவளுடைய இறுதியாண்டு அம்பேல்.

“அந்த ஓவியரம்மா போன்ல அழுதாங்க மேடம். நான் பக்கத்துலயே நிக்கறேன், என்னைப் பேசவே விடலை!”

அக்கா கோப்பையை வைத்தார். “கிளம்பு.”

கிடங்கில் இயக்குநர் பளபளக்கும் காலணியோடு வரவேற்றார். ஊழியர்களும் கூடிவிட்டார்கள்.

“இதுல துப்பறிய என்ன இருக்கு? கிடங்குச் சாவி ரெண்டே ரெண்டு. ஒண்ணு எங்கிட்ட, ஒண்ணு இவகிட்ட. ஏணிக்கு ரெண்டு கால், படத்துல ரெண்டு ஓட்டை. முடிஞ்சுது.”

அக்கா ஏணியைத் தலைகீழாகத் திருப்பினார். இரண்டு கால்களிலும் தடித்த ரப்பர் உறை. விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு கிழிந்த ஓவியத்தைச் சுவரில் சாய்த்தார்.

“சார், ஒரு உதவி. வெளியில இருக்கற அந்தச் சின்னப் படத்தை இங்க வெச்சிடலாமா? எங்களுக்கு எப்படி வைக்கணும்னு தெரியாது.”

மாணவி தன்னையறியாமல் முன்னால் வந்தாள்.

“நீ இரும்மா. சார் செய்வார்.”

“இத்தனை வருஷமா இதை நடத்தறவன், எனக்குத் தெரியாதா?” என்று இயக்குநர் படத்தைத் தூக்கி வந்து, பெரியதன்மேல் சாய்த்து வைத்தார். கடையில் புத்தகம் அடுக்குவதுபோல, படத்தின் முகம் பார்ப்பவர்களைப் பார்த்தபடி.

அக்கா குனிந்தார். “தம்பி, டார்ச்.”

சின்னப் படத்தின் முதுகில், சுவரில் மாட்டக் கம்பி கட்டும் இரண்டு இரும்புக் கொக்கிகள் துருத்திக்கொண்டிருந்தன. இரண்டும் பெரிய ஓவியத்தின் இரண்டு ஓட்டைகளுக்குள் கச்சிதமாகப் போய் உட்கார்ந்திருந்தன.

“ஏம்மா, நீ எப்படி அடுக்குவே?”

“முகத்தோட முகம், முதுகோட முதுகு. நடுவுல அட்டை. முதல் நாளே சொல்லிக் குடுத்துட்டாங்க.”

“ரப்பர் துணியைக் குத்தாது சார். கொக்கி குத்தும். சாவி ரெண்டு பேர்கிட்ட, நீங்களே சொன்னீங்க. அதுல படத்தை இப்படிச் சாய்க்கிறவர் நீங்க ஒருத்தர்தான். லீவுல யாருக்குத் திறந்து காட்டினீங்க?”

இயக்குநர் கைக்குட்டையைத் தேடினார். “ஒரு நன்கொடையாளர்... பார்க்கணும்னார். அவசரத்துல திருப்பி வெச்சேன். ஓட்டை விழுந்தது அப்புறம்தான் தெரிஞ்சுது...” சட்டென்று மாணவியிடம் திரும்பினார். “பாரும்மா, பெரிசு பண்ணாதே. உனக்குப் பிரமாதமா சான்றிதழ் தர்றேன், என்ன?”

“தெரிஞ்சேதான் என் தலையில கட்டினீங்களா?”

இயக்குநர் குனிந்து தன் காலணியைப் பார்த்தார்.

“உங்க பிரமாதம் எனக்கு வேண்டாம் சார். நடந்ததை நடந்தபடி கல்லூரிக்கு எழுதுங்க. அதுக்கு முன்னாடி, ஓவியருக்கு போன் போடுங்க.”

“அதை நான் அப்புறமா, தனியா...”

“இங்கேயே. ஸ்பீக்கர்ல.”

தம்பி அங்கிருந்த ஒரே நாற்காலியை அவளுக்காக இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. இயக்குநர் எண்ணை அழுத்தினார், மணி அடித்தது. மறுமுனையில் அந்தம்மா “ஹலோ” என்றார்.

“சொல்லுங்க சார்” என்றாள் மாணவி.