தெரேவாகாவில் இறக்கிய கயிறு

2017 ஜூலை 9 அன்று, ரபா நூயித் தீவின் தெரேவாகா மலைக்குக் குதிரையில் போன ஊரி என்ற இளைஞன் திரும்பி வரவில்லை. தெற்குச் சரிவில் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை.

மறு வருடம் மே மாதத்தில் ஒரு பிற்பகல், அவனுடைய அண்ணன் தெபானோ அதே மலையில் ஏறிக்கொண்டிருந்தபோது சமையல் வாசனை வந்தது. சூடான கல்லில் வாழையிலை கருகும் வாசனை, அதனடியில் சர்க்கரைவள்ளியின் இனிப்பு, கோழிக் கொழுப்பு, ஈர மண். குழிக்குள் கல்லைப் பழுக்கக் காய்ச்சி, இலை பரப்பி, மண்ணால் மூடி வேகவைக்கும் ஊமுவின் வாசனை. ஊர் வெகு கீழே, கடலோரத்தில், பனிமூட்டத்துக்கு அப்பால் இருந்தது. யூகலிப்டஸ் தோப்பைத் தாண்டிவிட்டால் இந்த அணைந்த எரிமலையில் எரிக்க ஒரு சுள்ளிகூடக் கிடையாது.

"யாரோ ஊமு போட்டிருக்காங்க" என்றான்.

முன்னால் போய்க்கொண்டிருந்த மஹானி திரும்பாமலே சிரித்தாள். ஊரியின் மனைவி. அவள் ஏறியிருந்ததும் ஊரியின் குதிரைதான். அன்றைக்குத் தனியாக வீடு வந்து சேர்ந்த அதே குதிரை.

"எதை எரிச்சு? புல்லையா? காலையில சாப்பிடலன்னு சொல்லு."

"உனக்கு அடிக்கலையா?"

"உன் குதிரை நாத்தம்தான் அடிக்குது. பேசாம வா."

உச்சியில் ஊரி பெயருக்கு ஒரு கல் வைக்க வேண்டும் என்று கூப்பிட்டவள் அவள்தான். தெபானோ மறுத்திருந்தால் வேறு யாரையாவது கூட்டிக்கொண்டு வந்திருப்பாள். வேறு யாராவது வந்தால் வடக்கு விளிம்பு வழியாகப் போகக்கூடும். அதைத் தடுக்கத்தான் அவன் வந்தான்.

வடக்கு விளிம்பில், புல் மூடிய ஒரு துளை இருந்தது. பழைய நெருப்புக்குழம்பு வடிந்துபோன குகையின் கூரை அந்த இடத்தில் இடிந்திருந்தது. ஊரி காணாமல்போன அன்று அண்ணனும் தம்பியும் அடுத்தவர் குதிரைக்குட்டிக்குத் தங்கள் சூட்டுக்குறியைப் போட்டுத் திருடுவதற்காக மேலே வந்திருந்தார்கள். குட்டியைத் துரத்திய ஊரி அந்தத் துளைக்குள் விழுந்தான். கால் முறிந்தது. "கயிறு எடுத்துட்டு வா அண்ணே, சீக்கிரம்" என்று உள்ளிருந்து கத்தினான். தெபானோ ஓடினான். மலையடிவாரத்தில் குட்டியின் சொந்தக்காரர் நின்றிருந்தார். தம்பி எங்கே என்று கேட்டார். "தெற்குப் பக்கம் போனான், நான் கூடப் போகல" என்று வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு அதை மாற்ற முடியவில்லை. விடிந்ததும் தானே கயிறோடு போய்விடலாம் என்று நினைத்தான். மழையும் பனியும் நாள்கணக்கில் விலகவில்லை. அவன் போகவுமில்லை.

பனிமூட்டம் இப்போது குதிரையின் காதுவரை வந்துவிட்டது. எங்கோ ஒரு பருந்து கத்தி ஓய்ந்தது. காற்று நின்றுவிட்டது, இந்த மலையில் காற்று நிற்பதே இல்லை. அந்த அமைதியில், ஈரப் புல்லில் குளம்புகள் அழுந்தும் சத்தத்துக்கு நடுவே, யாரோ மெல்லும் சத்தம் கேட்டது. நிதானமாக, வாய் நிறைய. அவன் தன் குதிரையைக் குனிந்து பார்த்தான். அதன் வாய் அசையவில்லை.

"உன்னை ஏன் கூட்டிட்டு வந்தேன் தெரியுமா?" என்றாள் மஹானி.

"ஏன்?"

"ஊரியோட ரத்த சொந்தத்துல, அவனுக்குப் போட்ட ஊமுவுல நீ மட்டும்தான் சாப்பிட்டே."

செத்தவருக்குப் போடும் ஊமுவில் ஊரெல்லாம் சாப்பிடும். ரத்த சொந்தம் வாயில் வைக்காது. அது சின்னக் குழந்தைக்கும் தெரியும். அன்று யாரோ இலையை நீட்டியபோது தெபானோ வாங்கித் தின்றான். வேண்டாமென்று கையை மடக்கினால், தம்பி செத்துவிட்டான் என்று அவனே சொன்னதாகிவிடும். அந்த நேரத்தில் ஊரி உயிரோடு இருக்கலாம் என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

"எல்லாரும் உனக்குப் புத்தி பேதலிச்சிருச்சுன்னாங்க. நான்தான் சண்டை போட்டேன். அவன் ஒருத்தன்தான் என் புருஷன் செத்துட்டான்னு ஒத்துக்கலன்னு சொன்னேன்."

"மஹானி, இந்தப் பக்கம் வேணாம். திருப்பு."

"நானா போறேன்? இதுதான் போகுது."

ஊரியின் குதிரை கடிவாளத்தை மதிக்காமல் வடக்கு விளிம்பை நோக்கி நடந்தது. புல் தாழ்ந்த ஓரிடத்தில் நின்று தலையைக் குனிந்தது. துளையிலிருந்து மெல்லிய ஆவி எழுந்தது. வாசனை அங்கிருந்துதான் வந்தது.

மஹானி இறங்கினாள். துளையைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"அவன் சாகலன்னு உனக்கு எப்படித் தெரியும், தெபானோ?"

அவன் குதிரையிலிருந்து இறங்கினான்.

கீழே மெல்லும் சத்தம் நின்றது.

"அண்ணே. கயிறு எடுத்துட்டு வந்தியா?"

அவளுக்கு அது கேட்டதா என்று தெரியவில்லை. அவள் அசையாமல் நின்றாள். அவன் கைகள் தாமாகவே தன் குதிரையின் சேணத்திலிருந்த கயிற்றை அவிழ்த்தன. ஒரு முனையைச் சேணத்தில் கட்டின. மறுமுனையை இடுப்பில் சுற்றின. அவள் தடுக்கவில்லை. கேட்ட கேள்வியைத் திரும்பக் கேட்கவுமில்லை.

இறங்கினான். பாறை வெதுவெதுப்பாக இருந்தது. மேலே வெளிச்சம் ஒரு தட்டு அளவு. பிறகு ஒரு காசு அளவு. காலில் ஏதோ நொறுங்கியது. குச்சியல்ல.

"ஊரி?"

பதில் இல்லை. மூச்சு மட்டும். காதுக்கு மிக அருகில்.

"நான் வரணும்னுதான்டா இருந்தேன்."

இருட்டில் ஒரு கை அவன் இடுப்பைத் தொட்டது. கயிற்றைத் தடவிக்கொண்டே போனது. முடிச்சைக் கண்டுபிடித்தது.

அதை அவிழ்க்கவில்லை. இறுக்கியது.

இருட்டுவதற்குள் மஹானி தனியாகக் கீழே வந்து போலீஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மறுநாள் காலை நான்கு பேர் மேலே போனார்கள். தெபானோவின் குதிரை கால்களை ஊன்றி அங்கேயே நின்றது, உடம்பெல்லாம் நுரை. துளையின் அடியில் ஊரியின் எலும்புகள் கிடந்தன. வேறு யாரும் இல்லை. கயிறு எலும்புகளைத் தாண்டி, ஒரு கை மட்டும் நுழையக்கூடிய பாறைப் பிளவுக்குள் போயிருந்தது. நால்வரும் சேர்ந்து இழுத்தார்கள். உள்ளிருந்தும் இழுத்தது.

எலும்புகளைச் சாக்கில் கட்டி மேலே ஏற்றினார்கள். கயிற்றை அறுத்துவிட்டு ஊருக்கு இறங்கினார்கள்.